தாய்லாந்து நெல்வயலில் இரண்டு மாதம்: தன்னார்வலர் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

வடவாறு

தாய்லாந்துப் பண்ணையில் தன்னார்வலராக இருந்தது எப்படி என்று நாலைந்து பேர் தனிச்செய்தியில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஆளுக்கொரு பதில் எழுத முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2024 ஜூலை கடைசியில் போய் செப்டம்பர் 20 வரை இருந்தேன். வட தாய்லாந்து, சியாங் மாய் நகருக்கு வடக்கே மே தேங் வட்டாரம். ஒரே குடும்பத்தின் நிலம்: ஆறு ராய் நெல்வயல் (ஒரு ராய் 1,600 சதுர மீட்டர், நம் கணக்கில் 40 சென்ட் என்று வையுங்கள்), கொஞ்சம் லோங்கான் மரம் (லிச்சி மாதிரி ஒரு பழம்), கோழி, வாத்து. பண்ணையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். சென்னையில் கணினி வேலை. ஊரில் எங்கள் வயல் குத்தகையில் இருக்கிறது. கிளம்பும் முன் அம்மாவிடம் சொன்னேன். "நம்ம குத்தகைக்காரர் நடவுக்கு ஆள் தேடி அலைகிறார். நீ காசு கொடுத்து அடுத்த நாட்டில் போய் நாற்று நடப்போகிறாயா?" என்றார். இதே கேள்வியை இங்கேயும் யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். கேளுங்கள்.

கோழி கூவுவதற்கு முன் ஊர் ஒலிபெருக்கி பேச ஆரம்பித்துவிடும். பூ யாய் பான் என்கிற ஊர்த்தலைவர் அன்றைய செய்தி சொல்வார்: வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், இன்னார் வீட்டில் துக்கம், நாய்களுக்கு ஊசி போட வருகிறார்கள். ஒரு சொல் புரியாது எனக்கு. அந்தக் குரலின் சலிப்பு மட்டும் எங்கள் ஊர் பஞ்சாயத்துத் தலைவருடையதேதான்.

அப்புறம் அடுப்படி. முந்தின ராத்திரி ஊறவைத்த ஒட்டும் அரிசியைக் கூம்பு மாதிரி மூங்கில் கூடையில் போட்டு, பானை வாயில் செருகி ஆவியில் வேகவைப்பார்கள். பாதி வெந்ததும் கூடையை ஒரு குலுக்குக் குலுக்கினால் மொத்தச் சோறும் அப்படியே புரண்டு கவிழ வேண்டும். எனக்கு இரண்டு தடவை தரையில் கவிழ்ந்தது. வீட்டம்மாவை எல்லாரும் 'பா' என்று கூப்பிடுவோம், பெரியம்மா என்று அர்த்தம். பா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாளிலிருந்து என்னைக் கூடைப் பக்கமே விடவில்லை.

ஏழு மணிக்கு வயலில் இறங்கினால் பதினொன்று வரை. மதியம் படுக்கை. மூன்றிலிருந்து ஐந்து வரை சில்லறை வேலை. ஞாயிறு விடுமுறை என்று பேச்சு, ஆனால் வாத்துக்கு ஞாயிறு கிடையாது.

நான் போனபோது நடவு பாதியில் இருந்தது. ஆர்.டி.6 என்ற ரகம், அந்த ஒட்டும் அரிசி தரும் நெல். மல்லிகை அரிசி என்று உலகம் முழுக்க விற்கிறதே, அந்த 105ஆம் எண் ரகத்தைக் காமாக் கதிரில் வைத்து உண்டாக்கி 1977இல் வெளியிட்டது. நம் பழைய சம்பா ரகங்கள் மாதிரி பகல் குறுகினால்தான் கதிர் தள்ளும், நவம்பரில் அறுவடை. நாற்று முடிகளை ஊறவைத்த மூங்கில் பட்டையால் கட்டுகிறார்கள். அதைத் 'தோக்' என்பார்கள். மழை அடித்துப் பெய்யும் நாளில் உட்கார்ந்து தோக் சீவுவதுதான் வேலை. என் விரலில் இரண்டு தழும்பு இருக்கிறது. உழுவதற்கு எருமை இல்லை, கையால் தள்ளிக்கொண்டு போகும் உழவு இயந்திரம். அதன் பெயர் 'குவாய் லெக்', இரும்பு எருமை.

நடவு முடிந்ததும் எனக்கென்று ஒரு வேலை வந்தது: நத்தை பொறுக்குவது. தென் அமெரிக்காவிலிருந்து 1980களில் வந்து சேர்ந்த தங்க ஆப்பிள் நத்தை இளநாற்றைத் தண்ணீர் மட்டத்தில் கத்தரித்துவிடும். முட்டை ரோஜா நிறத்தில், வரப்போரத் தண்டுகளில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். பார்க்க அழகு. குச்சியால் தட்டி நசுக்க வேண்டும், நத்தையை வாளியில் போட்டு வாத்துக்குக் கொடுக்க வேண்டும். வாளிக் கணக்கில் பொறுக்கினேன். கணினி முன்னால் எட்டு மணி நேரம் பிழை தேடுகிற வேலையும் ஏறக்குறைய இதுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நாள் நாலு வரிசை நட்டேன் என்று பெருமையாக இருந்தது. பொழுது சாய்ந்தபின் கொல்லைப்பக்கம் போனால், பா தனியாக வயலில் நின்று என் வரிசைகளைப் பிடுங்கித் திருப்பி நட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஆழமாகக் குத்தியிருக்கிறேன். அழுகிப்போகும் அல்லது தூர் கட்டாது. காலையில் சொல்லியிருக்கலாம். நான் வருத்தப்படுவேன் என்று ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்கிறார். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

சாப்பாடு, படுக்கைக்கு நாளுக்கு 250 பாட் கொடுத்தேன். ஆமாம், நான்தான் கொடுத்தேன்.

மழைக்குருவி

அக்கா, அருமை. வரும் வருடம் போகலாம் என்று இருக்கிறேன். கேள்விகள்: 1) சைவம் சாப்பிடுகிறவள், தாக்குப்பிடிக்க முடியுமா? 2) தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பா? 3) கழிவறை? 4) விசா?

வடவாறு

மூன்றாவது சுலபம், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். குந்தும் கழிவறை, தொட்டியில் தண்ணீர், மிதக்கும் குவளை. என்னோடு இருந்த டென்மார்க் பையனும் பிரெஞ்சுப் பெண்ணும் முதல் வாரம் பட்ட பாட்டைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கையால் சாப்பிடுவது, செருப்பை வாசலில் விடுவது, பெரியவர் முன்னால் கால் நீட்டாமல் உட்காருவது, இதெல்லாம் நமக்குப் பாடமே இல்லை. "சாப்பிட்டாச்சா?" என்றுதான் அவர்களும் விசாரிப்பார்கள்: 'கின் காவ் ரூ யாங்?' உறவுமுறை வைக்காமல் யாரையும் கூப்பிடுவதில்லை. மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்', பெரியப்பா வயதுக்காரர் 'லுங்'. நான் மூன்றே நாளில் அந்தத் தெருவுக்கே நோங் ஆகிவிட்டேன்.

சைவம் கஷ்டம்தான். முட்டை சாப்பிடுவீர்களா? மீன்சாறு ஊற்றாத குழம்பு அங்கே குழம்பே இல்லை. கறி இல்லை, மீன் இல்லை என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருப்போம், உப்புக்குப் பதிலாக 'நாம் ப்லா' என்கிற அந்த மீன்சாற்றை ஊற்றியிருப்பார்கள். கேட்டால் "அது மீன் இல்லையே, தண்ணீர்தானே" என்பார்கள். சைவம் என்று பொருள்படும் 'மங்சவிராட்' என்பதைவிட 'கின் ஜே' என்று சொல்லுங்கள். 'ஜே' என்றால் பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது, மீன்சாற்றுக்கு வழியே இல்லை. என்னைக் காப்பாற்றியது துவா நாவ்: புளிக்கவைத்த சோயா பீன்ஸை அப்பளம் மாதிரி தட்டி வெயிலில் காயவைத்தது. சுட்டுப் பொடித்துப் போட்டால் கருவாட்டு இடத்தை அது எடுத்துக்கொள்ளும். பச்சை மிளகாயைச் சுட்டு இடிக்கிற 'நாம் பிரிக் நும்' நம்ம ஊர்த் துவையலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் சந்தையில் வாங்குவதில் மீன் வாடை இருக்கும். வீட்டில் இடிக்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு: ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பயந்தது நாய்களுக்கு மட்டும். போகும் முன் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

விசாவுக்குத் தனியாக எழுத வேண்டும். ராத்திரி வருகிறேன்.

கொங்குக்காரன்

அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள் அம்மா கேட்ட கேள்விதான் என் கேள்வியும். இங்கே மஞ்சள் வெட்ட ஆள் இல்லாமல் ஒடிசாவிலிருந்து கூட்டி வருகிறோம். நீங்கள் நாளுக்கு 250 பாட், நம் காசில் அறுநூறு ரூபாய்க்கு மேல், கொடுத்துவிட்டு நத்தை பொறுக்கியிருக்கிறீர்கள். இது விவசாயமா, சுற்றுலாவா? நம்ம ஊர்க் களையெடுப்புக்கு இரண்டு மாதம் போயிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

வடவாறு

சுற்றுலாதான். மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊர் வயலில் நான் இறங்கினால், "ஐயையோ பாப்பா, நீ போய் நிழலில் உட்காரு" என்பார்கள். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, அதனால் இறங்கவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

ஈப்போத் தமிழன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் 'தோட்டம்' என்ற சொல்லே வேறு. தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், பாட்டி லயத்தில் பிள்ளை பெற்றவர். நான் 2018இல் லாவோஸுக்குப் போய் ஒரு பண்ணையில் சும்மா வேலை செய்யப்போகிறேன் என்றதும் பாட்டி கேட்டார்: "சும்மாவா? கங்காணி யாரு?"

போன இடம் வாங் வியெங். ஆற்றில் டயர் டியூப் போட்டு மிதந்துகொண்டே குடிக்கிற இடம் என்று பெயர் எடுத்த ஊர். அந்த டியூப் கதை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஊருக்கு வெளியே இருந்த ஒரு இயற்கை மல்பெரிப் பண்ணையில்தான். 1990களின் கடைசியில், பாவம் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வேலை முடித்துக் களைத்திருக்கிறார்களே என்று பண்ணைக்காரர் டிராக்டர் டியூபைக் கொடுத்து 'நாம் சொங்' என்ற ஆற்றில் மிதக்கவிட்டார். பத்து வருடத்தில் கரை முழுக்க மதுக்கடை, விடிய விடியப் பாட்டு, பிள்ளைகள் செத்தார்கள். 2012இல் அரசு வந்து கடைகளை இடித்தது. நல்ல மனதோடு கொடுத்த டியூப் அந்தப் பண்ணைக்காரர் தூக்கத்தையே கெடுத்தது.

நான் இருந்தது வேறொரு சின்ன இடம். காலையில் மல்பெரி இலை பறிப்போம், மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். எனக்கு முன்னால் வந்தவரும் ஏ பி சி டி, எனக்குப் பின்னால் வந்தவரும் ஏ பி சி டி. அந்தப் பிள்ளைகள் எழுத்து வரிசையைத் தாண்டிப் போனார்களா என்று எனக்குச் சந்தேகம்.

வடவாறு

ஈப்போ அண்ணன் சொன்னது நெஞ்சில் தைத்தது. எங்களிடமும் அப்படித்தான்: புதிதாக வருகிறவருக்குப் பா முதலிலிருந்து நடவு கற்றுக்கொடுப்பார். கை படிந்து வரும்போது அவர் கிளம்பிவிடுவார். எனக்கு முன்னால் அந்த வருடம் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தாரோ.

சரி, விசா.

நான் போனபோது இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அப்போதுதான், 2024 ஜூலையில், மாற்றியிருந்தார்கள். இந்த விதியெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் வாரம் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். பிரச்சினை அதுவல்ல. சுற்றுலாவாக நுழைந்தவர் அங்கே வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காத தன்னார்வ வேலைக்கும் பணி அனுமதி வேண்டும். ஒழுங்கான வழி: பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்று கடிதம் கொடுத்து, 'நான் இமிக்ரன்ட் ஓ' விசா எடுத்து, அதன்மேல் பணி அனுமதி வாங்குவது. குடும்பப் பண்ணை எதுவும் இதைச் செய்து தராது. பிடித்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், இரண்டு வருடம் பணி அனுமதி கிடைக்காது. வைத்திருந்தவருக்கும் அபராதம் தனி.

இது எனக்குப் போன பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. இணையத்தில் பேசும்போது "உதவிதானே, வேலை இல்லையே" என்றார்கள். போன அன்றே பண்ணைக்காரரின் மகன், "யாராவது கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்" என்றார். என் முகத்தைப் பார்த்தால் எந்தத் தாய்லாந்துக் குடும்பத்துக்குச் சொந்தம் என்று நம்புவார்கள்? இன்னொன்று, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுக்குத் தெரிவிக்க வேண்டும், டி.எம்.30 என்பார்கள். அதையும் செய்யவில்லை. இரண்டு மாதமும் ஒலிபெருக்கியில் என் பெயர் வந்துவிடுமோ என்று ஒரு பயம். அதனால்தான் பண்ணையின் பெயர் வேண்டாம் என்றேன். பாவுக்குத் தொல்லை வரக் கூடாது.

மழைக்குருவி, உங்களுக்கு என் யோசனை: சட்டப்படி பயிற்சி வகுப்பு நடத்தும் இடத்துக்குக் கட்டணம் கட்டிப் போங்கள். மே தேங்கிலேயே ஜோன் ஜந்தாய் என்பவர் 2003இல் தொடங்கிய புன் புன் என்ற பண்ணை இருக்கிறது. விதை சேகரிப்பு, மண்வீடு என்று அவர்களுக்குப் பெயர்.

கொங்குக்காரன்

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இன்னொரு கேள்வி. கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலையை நீங்கள் காசு கொடுத்துச் செய்தால், அந்தக் கூலி ஆள் எங்கே போவான்?

வடவாறு

நல்ல கேள்வி, எனக்கும் உறுத்தியது. அந்தப் பக்கம் கூலி வேலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் மியன்மாரிலிருந்து வந்த ஷான் மக்கள், அங்கே 'தாய் யாய்' என்பார்கள். நாள் கூலி 300 பாட்டுக்கு மேல். ஆனால் எங்கள் வீட்டில் நான் வந்ததால் யாரையும் நிறுத்தவில்லை. லோங்கான் பறிக்க அந்த ஆகஸ்டிலும் ஷான் தம்பதி ஒன்று வந்தது. ஏணியில் ஏறிக் கொத்துக் கொத்தாக ஒடித்துப் போட்டார்கள், நாங்கள் கீழே உட்கார்ந்து தரம் பிரித்தோம். அவர்கள் ஒரு கூடை நிரப்பும் நேரத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கால் கூடை. எங்களால் அவர்கள் வேலையைப் பிடுங்க முடியாது, அதற்குத் திறமை வேண்டும்.

உண்மையில் வீட்டுக்கு வருமானம் என் உழைப்பு இல்லை, என் 250 பாட்தான். மூன்று பேர் என்றால் 750. நெல் கொடுப்பதைவிட நிலையான பணம். அதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு மனசு லேசானது. நான் வாடகைக்கு இருக்கிறேன், பொழுதுபோகாமல் நத்தை பொறுக்குகிறேன்.

ஊசிமருந்து

செவிலியராக இருக்கிறேன், கொஞ்சம் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெறுங்காலோடு சேற்றில் இறங்குவது நமக்குப் பழக்கம் என்று அலட்சியம் வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். வடகிழக்கே இசான் பகுதிக்குப் போகிறவர்கள் மெலியாய்டோசிஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் கிருமி, மழைக்காலத்தில் காலில் உள்ள சின்னக் காயம் வழியாகவே ஏறும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம், உயிர் போகும். நம்மில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று உங்களுக்கே தெரியும். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், காயத்தை மூடுங்கள், கொதிக்கவைத்த நீர் குடியுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "நெல்வயலில் வேலை செய்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வடவாறு

பூட்ஸ் போட்டேன். ஆனால் நடவில் பூட்ஸ் சேற்றில் சிக்கிக் கால் மட்டும் மேலே வருகிறது! கெண்டைக்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய ரப்பர் வகை உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கிறது, பெண்கள் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். அதற்கு முன்னாலேயே விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிட்டது. அட்டை பற்றி எழுதவில்லை, எழுதினால் மழைக்குருவி வரமாட்டார்.

புகைப்படலம்

மாதம் பார்த்துப் போங்கள். நான் போனது மார்ச். மலைச்சரிவில் காடும் மக்காச்சோளத் தாளும் எரிந்துகொண்டிருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதே கதைதான், அந்த வாரங்களில் காற்று மாசுப் பட்டியலில் சியாங் மாய் உலகத்திலேயே முதலிடத்துக்குப் போய் வரும். எதிர்மலை இருபது நாள் கண்ணில் படவில்லை. வயலில் நெல்லும் கிடையாது, உமியும் மண்ணும் மிதித்துப் பச்சைக்கல் அறுத்ததுதான் வேலை. முகமூடி போட்டுக்கொண்டு மண் மிதித்துப் பாருங்கள்.

ஆனால் சோங்க்ரான் என்கிற தாய்லாந்துப் புத்தாண்டு வரை இருந்தேன், அதற்காக எல்லாவற்றையும் மன்னித்தேன். ஏப்ரல் 13. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் நாள், சங்கராந்தி என்ற அதே சொல். தெருவெல்லாம் தண்ணீர் அடிப்பது வெளியே. வீட்டுக்குள் பெரியவர் கையில் வாசனை நீர் ஊற்றி ஆசி வாங்குகிறார்கள். அந்த வீட்டுத் தாத்தா என் தலையில் கை வைத்து என்னவோ சொன்னார், இன்றுவரை என்னவென்று தெரியாது.

மழைக்குருவி

அக்கா, அங்கே இந்தியர்களை எப்படிப் பார்க்கிறார்கள்? வெள்ளைக்காரர்களைத்தான் எதிர்பார்ப்பார்களோ?

வடவாறு

முதல் வாரம் ஊரே குழம்பியது. வெள்ளைக்காரர் 'ஃபராங்', அவர்கள் வந்து சேற்றில் விழுந்து எழுவது பழகிப்போன காட்சி. நான் 'கேக்'. நம்மைப் போன்றவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. கேட்கிறவர் குரலைப் பொறுத்து அது சாதாரணமாகவும் இருக்கும், குத்தலாகவும் இருக்கும். துணி விற்கவா, ரொட்டி போடவா, வட்டிக்குக் கொடுக்கவா என்று கேட்டார்கள். நாற்று நட என்றதும் பக்கத்து வீட்டு லுங் விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்புறம்தான் பாவின் மகள் சொன்னாள்: அதே சொல்லுக்கு விருந்தாளி என்றும் அர்த்தம். இன்று உன் வயலுக்கு நான், நாளை என் வயலுக்கு நீ என்று கூலியில்லாமல் மாறி மாறிச் செய்யும் நடவுக்கு 'லோங் கேக்' என்று பெயர். விருந்தாளிகள் இறங்குவது. வடக்கே 'அவ் மூ' என்பார்கள். ஊருக்கு ஊர் கூலியாள் வந்துவிட்டதால் இப்போது குறைந்துவிட்டதாம். ஆனால் அந்த ஆகஸ்டில் ஒரு நாள் லுங்கின் வயலுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். பன்னிரண்டு பேர். வயல்காரர் வீட்டில் மதியச் சாப்பாடு. அன்று யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை, நான் உட்பட. அன்று மட்டும் என் வரிசையை யாரும் திருப்பி நடவில்லை என்று நினைக்கிறேன். இல்லை, இருட்டிய பிறகு லுங் போய் நட்டிருக்கலாம்.

வாய்க்கால் வெட்டுவதற்கும் இப்படித்தான். 'முவாங் ஃபாய்' என்று அணையும் வாய்க்காலும் ஊர்ப் பொது, அதற்கென்று ஒரு நீர்த்தலைவர், நிலத்தின் அளவுக்கு ஆள் அனுப்ப வேண்டும். அந்த வட்டாரத்தில் பல நூறு வருடப் பழக்கம். எங்கள் ஊரில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார், மடை திறப்பது அவர் வேலை. என் தலைமுறைக்கு அவர் பெயர் மட்டும்தான் தெரியும்.

நான் கிளம்பிய நாலைந்து நாளில் பிங் ஆறு பொங்கிச் சியாங் மாய் நகருக்குள் புகுந்தது, அக்டோபர் தொடக்கத்தில் மறுபடியும். வயல் என்ன ஆனதோ என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பா அனுப்பிய படத்தில் வாத்துகள் திண்ணைமேல் நின்றன.

கொங்குக்காரன்

சரி அம்மணி, கோபமெல்லாம் போச்சு. இந்த வருடம் மன்னார்குடியில் இறங்கினீர்களா?

வடவாறு

இறங்கினேன், சம்பா நடவில் ஒரு காலை. "பரவாயில்லையே, மேலாக வைக்கிறாய்" என்றார் நடவுக்கு வந்த பெரியம்மா. அடுத்த நிமிடமே, "கோடு மட்டும் வாய்க்கால் மாதிரி வளைகிறது" என்றார்.

ஈப்போத் தமிழன்

ஒரு சந்தேகம். இரண்டு மாதமும் ரசம் இல்லாமலா இருந்தீர்கள்?

வடவாறு

ஒரு நாள் வைத்தேன். புளி கிடைக்கிறது, மிளகு கையோடு கொண்டு போயிருந்தேன். கறிவேப்பிலை கிடைக்கவில்லை. ஒட்டும் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன், பிசைய முடியவில்லை, களிமண் உருண்டை குளத்தில் கிடப்பது மாதிரி கிடந்தது. டென்மார்க் பையன் மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிட்டான். பா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு ரசத்தை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். இரண்டாம் கிண்ணமும் கேட்டார். போன வாரம் படம் அனுப்பியிருக்கிறார், அவராகவே வைத்தாராம். உள்ளே எலுமிச்சைப்புல் மிதக்கிறது, நிச்சயமாக மீன்சாறும் இருக்கும்.